ஆசானின்றிக் கிதார் பயில்வோர்க்கு

இராமமூர்த்தி நகரிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். சென்ற திங்கள் இப்பகுதியில் வீட்டு வரவுசெலவுக் கணக்கைப் பற்றி நாம் எழுதியதைப் படித்தாராம். "கணக்கெழுதும் கையால் தாங்கள் கிதாரும் வாசிப்பதாகக் கேள்வியுற்றேன், அதைப் பற்றியும் ஒருமுறை எழுதலாகாதா?" என்று கேட்கிறார். அவர் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறவர். ஈராண்டுகளுக்கு முன் மிகைநேர ஊதியத்தைச் சேர்த்துவைத்து ஒரு கிதார் வாங்கினார். கைபேசியில் வரும் காணொளிகளைப் பார்த்துத் தாமே பயின்று வருகிறார். எட்டுக் கார்டுகள் தெரியும். நாற்பது பாடல்களின் தொடக்கம் தெரியும். முழுமையாக வாசிக்கத் தெரிந்த பாடல் ஒன்றுமில்லை. "ஆசானிடம் செல்லப் பொழுதுமில்லை, பொருளுமில்லை. இதற்குமேல் முன்னேற வழியுண்டா? இன்றேல் விற்றுவிடலாமா? தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்காவது ஆகும்" என்று முடித்திருக்கிறார்.

இறுதி வரியைப் படித்ததும் சிறிது நேரம் மடலை மடித்து வைத்துவிட்டோம். அதே எண்ணம் நமக்கும் வந்ததுண்டு. நாம் இசைவாணரல்லர், பள்ளியிறுதி வகுப்பு முடித்து, இரயில்வேயில் எழுத்தராகப் பேரேடுகளோடு காலம் தள்ளுகிறவர். முப்பதாம் வயதுக்கு மேல் கிதாரைக் கையிலெடுத்தோம். இப்பொருளைப் பற்றி எழுத நமக்குள்ள தகுதி ஒன்றே: தாமே கற்பவன் செய்யக்கூடிய பிழைகளில் நாம் செய்யாதது சிலவே.

அவற்றுள் பெரியது சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவில் அரங்கேறியது. வந்திருந்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் மகளுக்குப் பதினொரு வயது. பழைய திரைப்பாடல் ஒன்றை அவள் பாட, நாம் கிதார் வாசிக்க, சங்கத்து அன்பர் ஒருவர் தபேலா வாசிப்பதாக ஏற்பாடு. வீட்டில் எத்தனையோ முறை பாடிப் பார்த்திருந்தோம். ஆனால் வீட்டில் நடந்தது யாதெனில், ஒவ்வொரு கார்டிலிருந்தும் அடுத்த கார்டுக்கு நம் விரல்கள் சென்று அமரும் வரையில் குழந்தை தன் பாட்டை நிறுத்திக் காத்திருந்தாள். தந்தைக்காகக் காத்திருப்பது அவளுக்கு இயல்பாகிவிட்டது. காத்திருக்கிறாள் என்பதே நமக்குத் தெரியவில்லை. மேடையில் தபேலா காத்திருக்கவில்லை. காத்திருக்கலாகாது என்பதுதான் முறை. தாளம் ஒருபுறம் செல்ல, தந்தை ஒருபுறம் தடுமாற, இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட குழந்தை இரண்டாம் அடியில் நின்றுவிட்டாள். அவையோர் பெருந்தன்மையோடு கைதட்டினர். அந்தக் கைதட்டலைப் போல் நம்மைச் சுட்டது வேறொன்றுமில்லை.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அவள் அழவில்லை. வெளியே பார்த்தபடி, "நீங்க கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்கப்பா. நான் பாடுறதைக் கேக்கவே இல்லை" என்றாள்.

மறுநாள் முதல் ஒரு திங்கள் அளவும் கிதார் உறைக்குள்ளேயே கிடந்தது. பின்னர், காக்ஸ் டவுனில் வாழும் ஓய்வுபெற்ற கார்டு ஒருவரிடம் சென்றோம். (இரயில் கார்டைச் சொல்கிறோம், இசைக் கார்டை அன்று.) எழுபத்தெட்டு வயது ஆங்கிலோ-இந்தியர்; நம் அலுவலகத்தார் அனைவருக்கும் அவர் 'அங்கிள்'. ஜோலார்பேட்டை, அரக்கோணம், போத்தனூர் முதலிய இரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த காலமொன்று உண்டு. இரயில்வே இன்ஸ்டிடியூட் கூடங்களில் சனிக்கிழமை இரவுகளில் நடனங்கள் நிகழும். அக்கூடங்களில் இளமையில் கிதார் வாசித்தவர் இவர். நம்மை வாசிக்கச் சொன்னார். நான்கு வரி ஆவதற்குள் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மகனே, கூடத்திலே ஐம்பது ஜோடி ஆடுது. உன் விரல் சரியா உக்காரலேன்னு அவங்கெல்லாம் ஒரு காலைத் தூக்கிட்டு நிப்பாங்களா? தப்பு வரட்டும். நிக்காதே."

அவ்வளவே. கட்டணமும் பெறவில்லை, அடுத்த வகுப்பும் குறிக்கவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இந்த இரண்டு சொற்களையும், மகளுடையதையும் அங்கிளுடையதையும், சேர்த்து எண்ணிப் பார்த்தபோது நமக்கு ஒன்று விளங்கிற்று. ஆசான் என்பவர் சொல்லிக் கொடுப்பவர் மட்டுமல்லர், அவர் கேட்டுக்கொண்டிருப்பவர். எந்த விரலை எந்தத் தந்தியில் வைப்பதென்று சொல்ல ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. அக்காணொளிகளுக்கு வாயுண்டு, செவியில்லை. நாம் நின்றுவிட்டோம் என்பதையோ, மூன்றாம் தந்தி அமுங்காமல் கொரகொரக்கிறது என்பதையோ அவை சொல்லா. ஆகவே தாமே பயில்வோர் தேடிக்கொள்ள வேண்டியது மேலும் ஒரு பாடத்தையன்று, ஒரு செவியை. மடல் எழுதிய அன்பருக்கு நாம் கூற விரும்புவதன் சாரம் இதுதான். கீழ்வருவன எல்லாம் அந்தச் செவியை எவ்வாறு உண்டாக்கிக்கொள்வது என்பதைப் பற்றியவை.

அதற்கு முன் கருவியைப் பற்றி ஒரு சொல். தம்மிடம் குற்றமென்று பலர் எண்ணிக்கொள்வது கருவியிடமுள்ள குற்றமாக இருக்கக்கூடும். மலிவான கிதார்களில் தந்திகள் பலகையினின்றும் மிக உயர்ந்து நிற்கும். நம்முடையதில் பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தி நான்கு மில்லிமீட்டருக்கும் மேலாக நின்றது. (வீணைக்காரர் மெட்டு என்பதைத்தான் கிதார்க்காரர் பிரெட் என்பர்.) உலோகத் தந்தி பூட்டிய கிதாரில் அவ்விடத்தில் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். உயரம் மிகுந்தால் அழுத்தும் விரல் நோகும். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். ஓராண்டுக் காலம் விரல் நுனி வெந்ததைத் தவமென்று எண்ணிப் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தோம். பழுதுபார்ப்பவர் ஒருவர் குதிரையின் மேலுள்ள எலும்புத் துண்டைக் கழற்றி, அடிப்புறத்தை மூன்று மில்லிமீட்டர் அளவு தேய்த்து மீண்டும் பொருத்தினார். குதிரையில் இரண்டு குறைத்தால் பன்னிரண்டாம் மெட்டில் ஒன்று குறையும் என்பது கணக்கு. அரைமணி வேலை. தவம் அன்றோடு முடிந்தது. அன்பரே, விற்பதைப் பற்றி எண்ணுமுன் ஓர் அளவுகோலை எடுத்து அதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, சுருதி சேர்த்தல். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரையில் இ, ஏ, டி, ஜி, பி, இ என்பது வழக்கமான சேர்க்கை. கைபேசிச் செயலி இதனை ஊசிமுனையில் காட்டிவிடும். காட்டட்டும், ஆனால் முதலில் செவியால் சேர்த்துவிட்டுப் பின்னர் செயலியைக் கேளுங்கள். ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் எழும் ஒலியும் ஐந்தாம் தந்தியைத் திறந்து மீட்டினால் எழும் ஒலியும் ஒன்று. அவ்வாறே மற்றவையும் ஐந்தாம் மெட்டில் இணையும். மூன்றாம் தந்தியைக் கொண்டு இரண்டாம் தந்தியைச் சேர்க்கையில் மட்டும் நான்காம் மெட்டு. இரண்டு தந்திகள் ஏறக்குறைய ஒன்றாகி, முற்றிலும் ஒன்றாகாத நிலையில், ஒலி அலையலையாக நடுங்கும். அந்நடுக்கம் தணிந்து தணிந்து நின்றுவிடும் கணமே சுருதி சேர்ந்த கணம். முதல் வாரம் நமக்கு அந்த நடுக்கமே கேட்கவில்லை. மூன்றாம் வாரம் கேட்டது. இன்று பக்கத்து வீட்டு வானொலியிலும் கேட்கிறது. அதுவும் ஒரு தொல்லைதான்.

இனி, இக்கன்னட மண்ணில் வாழும் நாம் நன்றியோடு கடன் வாங்கவேண்டிய ஒன்றைச் சொல்லுகிறோம். கருநாடக இசையின் பிதாமகர் எனப் போற்றப்படும் புரந்தரதாசர் 16-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்தவர். இன்றும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குழந்தைகள் முதன்முதற் பாடும் சரளி வரிசை, அலங்காரம் முதலியவற்றை வகுத்தவர் அவரே என்பது மரபு. அப்பாடங்கள் மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தவை. இதனைக் கிதாரின் ஒரே தந்தியில் வாசித்துவிடலாம். திறந்த தந்தி ச. முதல் மெட்டு ரி. நான்காம் மெட்டு க. ஐந்தாம் மெட்டு ம. ஏழாம் மெட்டு ப. எட்டாம் மெட்டு த. பதினொன்றாம் மெட்டு நி. பன்னிரண்டாம் மெட்டு மேல் ச. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நீளத்தைச் சரிபாதியாக்குவதால் அங்கே அதே ச இருமடங்கு உயரத்தில் எழுகிறது.

மேலைநாட்டுக் கருவியில் சரளி வரிசையா என்று சிலர் நகைக்கலாம். நம் கருத்து வேறு. கிதார் நூல்களிலுள்ள பயிற்சிகள் விரலுக்கு நல்லவை; ஆனால் அவற்றின் ஒலி தமிழ்க் குடும்பத்துச் செவிக்குப் பழக்கமில்லாதது; பிழை நேர்ந்தாலும் பிழையென்று தோன்றாது. சரளி வரிசையோ, பாட்டுக் கற்றவரோ கல்லாதவரோ, நம்மில் பலர் அடுத்த வீட்டிலிருந்தேனும் கேட்டு வளர்ந்தது. அதில் ஒரு மெட்டுத் தவறினால், அடுக்களையில் இருக்கும் இல்லத்தரசி அங்கிருந்தே "அது இல்லை" என்று சொல்லிவிடுகிறார். கூலியில்லாத ஆசானைப் போல் அது பயன் தருகிறது. மேலும், அப்பாடங்களை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என ஒன்றுக்கு ஒன்று இரட்டித்த வேகத்தில், ஒரே தாளத்திற்குள் பாடுவது வழக்கம். இதில் நாம் வியந்து கண்டது, மூன்றாங்காலத்தைக் காட்டிலும் முதற்காலமே கடினம் என்பது. விரைந்து செல்கையில் மறைந்துவிடும் குற்றங்களெல்லாம் மெல்லச் செல்கையில் வரிசையாக வந்து நிற்கின்றன: ஒரு சுரம் முந்தி முடிந்துவிடுகிறது, ஒன்று கொரகொரக்கிறது, ஒன்றுக்கு விரல் எங்கோ உயரத்திலிருந்து வந்து விழுகிறது.

விரலை எங்கே வைப்பது என்பதும் இங்கே தெளிவாகும். மெட்டுக் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் சிறு விசையே போதும். இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் அழுத்துவோர் இருமடங்கு உழைத்தும் தெளிவான ஒலி பெறார். மெல்லத் தொட்டு, சிறிது சிறிதாக அழுத்திக்கொண்டே மீட்டிப் பாருங்கள். கொரகொரப்பு நீங்கித் தெளிவு பிறக்கும் அளவோடு நிறுத்துங்கள். நாம் அதுவரை அழுத்தியதில் பாதிக்கு மேல் வீண் விசை என்று கண்டோம். விரல் நுனி சில வாரங்கள் நோவது இயல்பு; ஆனால் மணிக்கட்டோ முன்கையோ நோகுமாயின் அன்றைக்குக் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். நாள் முழுதும் கணிப்பொறியிலோ தையற்பொறியிலோ கைவைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதனை அழுத்தந்திருத்தமாகச் சொல்லுகிறோம். அந்தக் கைதான் சோறு போடுகிறது.

கார்டுகளுக்கு வருவோம். தாமே கற்பவர் கார்டுகளைத் தனித்தனிப் படங்களாக மனத்தில் பதித்துக்கொள்கிறார். பாட்டில் தேவைப்படுவது கார்டன்று, ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி. காட்டாக, சி கார்டிலிருந்து ஏ மைனருக்குச் செல்கையில் நம்மைப் போன்றோர் மூன்று விரல்களையும் தூக்கிவிட்டு மீண்டும் ஒவ்வொன்றாக நடுவார்கள். உண்மையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மோதிரவிரல் மட்டும் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டிலிருந்து மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டுக்கு வந்தால் போதும். எந்த இரண்டு கார்டுகளுக்கும் இடையில் அசையாமல் நிற்கக்கூடிய விரல் ஏதேனும் உண்டா என்று முதலில் தேடுங்கள். பின்னர், கைபேசியில் ஒரு நிமிடம் குறித்து, அவ்விரண்டு கார்டுகளுக்கிடையே எத்தனை முறை மாற முடிகிறதென எண்ணி ஒரு தாளில் எழுதிவையுங்கள். நாம் ஜி-யிலிருந்து டி-க்கு முதல்நாள் பதினொன்று எழுதினோம். ஆறு வாரங்களில் முப்பத்துநான்கு. பேரேட்டுப் பிழைப்பில் உள்ளவர்க்கு இவ்வெண்களைப் பார்ப்பதில் ஓர் இன்பமும் உண்டு. மற்றையோர்க்கு எப்படியோ அறியோம்.

வலக்கையைப் பற்றி அங்கிளின் சொல்லே சட்டம். கை கீழும் மேலுமாகக் கடிகார ஊசல் போல் அசைந்துகொண்டேயிருக்க வேண்டும். தந்தியை மீட்டாத வேளையிலும் காற்றில் அசைய வேண்டும். இடக்கை நேரத்திற்கு வந்து சேரவில்லையா? திறந்த தந்திகளே ஒலிக்கட்டும், அல்லது ஒலியாமலே போகட்டும். அடுத்த தட்டுக்கு வந்து சேர்ந்துகொள்ளுங்கள். முதலில் இது மனத்துக்கு ஒவ்வாது. பிழையைக் கண்டால் நின்று திருத்துவதே நேர்மை என்று பள்ளியிலும் அலுவலகத்திலும் பழக்கப்பட்டவர்கள் நாம். ஆனால் நின்று நின்று பயின்றால் நிற்பதே பயிற்சியாகிவிடுகிறது. அதே இடத்தில் அதே தயக்கத்தோடு விரலும் மனமும் பழகிவிடுகின்றன. நம் பொங்கல் விழாத் தோல்வி மேடையில் நிகழ்ந்ததன்று. இரண்டாண்டுகள் நாள்தோறும் நாமே ஒத்திகை பார்த்து வைத்திருந்தது.

இதற்கு மருந்து மெட்ரோனோம் என்னும் தாளக் கருவி. கைபேசியிலேயே விலையின்றிக் கிடைக்கிறது. பாட்டின் இயல்பான வேகம் நிமிடத்துக்கு நூறு தட்டு என்றால், ஐம்பதில் தொடங்குங்கள். ஐம்பதிலும் நிற்க நேர்ந்தால் நாற்பது. நாணப்பட வேண்டுவதில்லை. நிற்காமல் முழுப்பாட்டும் மும்முறை செல்லுமாயின் நான்கு தட்டு ஏற்றுங்கள். வேகம் கூடிய இடத்தில் ஒரே ஒரு கார்டு மாற்றம் மட்டும் இடறுமானால் பாட்டை விட்டுவிட்டு அந்த மாற்றத்தை மட்டும் தனியே எடுத்துப் பயிலுங்கள். பாட்டை மறுபடி மறுபடி முதலிலிருந்து தொடங்காதீர்கள். நாற்பது பாடல்களின் தொடக்கம் மட்டும் அன்பருக்குத் தெரிந்திருப்பதன் காரணம் இதுவாகவே இருக்கும். தொடக்கத்தை நூறுமுறை வாசித்திருப்பார். முடிவை இரண்டு முறை.

'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் வரும் 'இளைய நிலா'வின் கிதாரை வாசிக்க வேண்டுமென்பது தமிழ்க் கிதார் மாணவர் அனைவருக்கும் ஆசை. நமக்கும் உண்டு. அதனை முதல் ஆண்டிலேயே எடுத்து மனம் உடைந்தவர் பலரை அறிவோம். இரண்டே கார்டுகளில் முடியும் ஒரு தாலாட்டை முதலிலிருந்து முடிவு வரையில் வாசித்துவிட்டு அதனிடம் செல்லலாம். அப்பாடல் எங்கும் போய்விடாது.

கைபேசியின் மிகப் பெரிய பயன் காணொளியன்று, ஒலிப்பதிவு. வாசித்ததைப் பதிந்து, மறுநாள், கருவியைக் கையில் எடுக்குமுன் கேட்க வேண்டும். வாசிக்கும்போது நம் கவனமெல்லாம் விரலில் இருப்பதால் செவி வேலை செய்வதில்லை. முதன்முதலாக நம் பதிவைக் கேட்டபோது இது வேறெவரோ என்று எண்ணினோம். வேகம் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே சென்று, கடினமான இடத்தில் சட்டென்று இறங்கி, எளிய இடம் வந்ததும் மறுபடி ஓடிற்று. வாசித்தபோது எல்லாம் ஒரே சீராகத்தான் தோன்றியது. வாரம் ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் ஒரே ஒரு குற்றத்தை மட்டும் குறித்து, அவ்வாரம் அதை மட்டும் திருத்துங்கள்.

தாமே பயின்று உயர்ந்தவர் உண்டா எனின், உண்டு. அமெரிக்காவின் இண்டியானபொலிஸ் நகரில் 1923-இல் பிறந்த வெஸ் மாண்ட்கோமரி என்பாரின் வரலாறு நம் போன்ற குடும்பத்தார்க்கு நெருக்கமானது. சிறுவயதில் அண்ணன் வாங்கிக் கொடுத்த நான்கு தந்திக் கருவியொன்றை வாசித்திருந்தாலும், ஆறு தந்திக் கிதாரை அவர் தொட்டது ஏறக்குறைய இருபது வயதில்தான். அப்போது அவர் மணமானவர். சார்லி கிறிஸ்டியன் என்னும் ஜாஸ் கலைஞரின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகச் செவியால் பிரித்தெடுத்து வாசித்தார். இசைக்குறியீடு படிக்கத் தெரியாதவர். பகலெல்லாம் தொழிற்சாலை வேலை, இரவில் கிதார். பிக் கொண்டு மீட்டினால் ஓசை மிகுந்து அக்கம்பக்கத்தார் குறைகூறவே, வெறும் கட்டைவிரலால் மெல்ல மீட்டிப் பழகினார். அக்கட்டைவிரல் ஒலியே பின்னர் அவருடைய அடையாளமாயிற்று. 1960-இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டு அவருக்கு உலகப் புகழ் தந்தது. 1968-இல் மறைந்தார். சுவருக்குச் சுவர் ஒட்டிய இரயில்வே குடியிருப்பில், இரவு ஒன்பதரை மணிக்கு மேல் நாமும் கட்டைவிரலால்தான் மீட்டுகிறோம். ஒற்றுமை அவ்வளவோடு சரி.

அவரைப் போல் ஒரே ஓர் இசைத்தட்டு நம்மிடம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று சில வேளைகளில் தோன்றுவதுண்டு. ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் 1536-இல் லூயிஸ் மிலான் என்பார், கிதாரின் உறவான விஹுவேலா என்னும் கருவிக்கு ஒரு நூல் அச்சிட்டார். 'ஆசான்' என்பதே அந்நூலின் பெயர். முன்பின் வாசித்தறியாதவனுக்கு ஆசான் ஒருவர் கற்பிப்பது போல் எளியது முதல் அரியது வரையில் வரிசைப்படுத்தியிருந்தார். தந்திகளைக் கோடுகளாக வரைந்து, அழுத்தவேண்டிய மெட்டை அவற்றின்மேல் எண்ணால் குறிக்கும் முறை அன்றே அதிலிருக்கிறது. இன்றும் கிதார் மாணவர் பயன்படுத்துவது அதன் வழிவந்ததே. அக்காலத்து மாணவனுக்கு ஒரு நூல். நமக்கோ ஓராயிரம் காணொளிகள். ஒன்று முடியுமுன் அடுத்தது தானே ஓடத் தொடங்குகிறது. அன்பர் ஒரு பாடத்தொடரை மட்டும் தேர்ந்து, ஆறு திங்கள் பிறவற்றை விலக்கி வைப்பாராக. சிறந்தது எதுவென்று தேடிக் காலங்கழிக்க வேண்டா. சுமாரான ஒன்றை முடிப்பது மேல்.

ஆசானே வேண்டாமென்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. இளையராஜாவை எண்ணிப் பாருங்கள். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன்மாரோடு ஊரூராகக் கச்சேரி செய்து திரிந்தவர். சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் அமர்ந்து மேலைநாட்டு இசையை முறையாகக் கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார்த் தேர்விலும் தேறினார். கன்னடத் திரையுலகில் பெயர்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் கிதார்க் கலைஞராகவும் பணியாற்றிய பிறகே, 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. மேடைப் பழக்கம் அவ்வளவு இருந்தும் மாணவராக அமர்ந்தார் என்பது நமக்குப் பெரிதாகப் படுகிறது. நம் நகரிலும் 1987-இல் தோன்றிய பெங்களூர் ஸ்கூல் ஆப் மியூசிக் போன்ற நிலையங்கள் மேலைநாட்டு இசையைக் கற்பிக்கின்றன. திங்கள்தோறும் கட்டணம் இயலாதெனின், ஆண்டுக்கு இரண்டு முறையேனும் அறிந்தவர் ஒருவர்முன் அமர்ந்து அரைமணி வாசித்துக் காட்டுவது நன்று. அங்கிளின் ஐந்து நிமிடம் நமக்கு இரண்டாண்டை மீட்டுக் கொடுத்தது.

பொழுதில்லை என்கிறார் அன்பர். ஷிப்டு வேலை செய்பவரிடம் நாள்தோறும் இரண்டு மணி நேரம் கேட்பது அறியாமை. நாம் அரைமணியே செலவிடுகிறோம்: சுருதி சேர்த்து ஒரு தந்தியில் சரளி, பிறகு கார்டு மாற்றம், பிறகு மெட்ரோனோமுடன் ஒரே பாடல். ஞாயிறன்று ஏழு நாளைக்கும் சேர்த்து மூன்றரை மணி வாசிப்பதால் அப்பயன் வாராது. விரல் நொந்ததுதான் மிச்சம். உறையிலிருந்து வெளியே எடுத்துச் சுவரோரம் கண்ணிற்படும்படி நிறுத்தி வையுங்கள். உறைக்குள் இருக்கும் கிதாரை எடுக்க ஒருவர்க்கு எழும் சோம்பல் எத்தகையதென்பதை நாம் நன்கு அறிவோம்.

தங்கையின் கட்டணத்தைப் பற்றி அன்பர் எழுதியதற்கு நாம் விடை கூறத் தகுதியுடையோம் அல்லோம். குடும்பத்திற்கு வேண்டுமெனின் விற்கத்தான் வேண்டும், அதில் இழிவொன்றுமில்லை. ஆனால் முன்னேற்றமில்லை என்பதுதான் காரணமென்றால், விற்குமுன் மூன்று திங்கள் பொறுங்கள். சங்கத்து அலுவலகத்தில் உடைந்த சாவியோடு ஒரு பழைய கிதார் கிடக்கிறது. செயலாளர் இசைவு தந்தால் பழுதுபார்த்து வைக்கலாம். இரண்டாம் ஞாயிறு பிற்பகல்களில் நாம் அங்கிருப்போம். ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்கலாம்.

நம் வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறோம். அன்று மேடையில் மகள் பாடியது நான்கு கட்டைச் சுருதியில். அதற்கு வேண்டிய எஃப், பி-பிளாட் ஆகிய இரண்டு கார்டுகளும் ஆட்காட்டி விரலைக் கிடத்திப் பல தந்திகளை ஒருங்கே அழுத்திப் பிடிக்க வேண்டியவை, தொடக்கத்தார்க்கு எமன்கள். ஐந்து கட்டைக்கு ஏற்றினால் ஜி, சி, டி என்னும் எளிய கார்டுகள் போதும். விரலையே நோக்கிக்கொண்டிருந்த நமக்குச் சுருதியை மாற்றலாம் என்பதே அந்நாளில் தோன்றவில்லை. எஃப் கார்டு இன்றும் நமக்கு முழுதாக ஒலிக்கவில்லை. முதல் தந்தி கட்டையாகவே கேட்கிறது. ஐந்து கட்டையில் பாட மகள் இசைந்திருக்கிறாள். மேல் சட்ஜமத்தில் அவளுக்குக் குரல் சற்றுத் திணறுகிறது. அவ்விடத்தில் இப்போது நாம் மெல்ல மீட்டுகிறோம்.